நடுவில் ஆளில்லாத ஓட்டம்

பிள்ளை பெற்ற என் வயிற்றைக் கட்டியது மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வேட்டி மட்டும் ஓய்வு பெறாமல் உழைத்துக்கொண்டிருந்தது. அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி என் இடுப்பில், மறு பாதி கொடியில் என்று முறை வைத்திருந்தார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். காலையில் நான் குளித்து வந்ததும் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். துணியின் ஒரு முனையை என் விலாவில் வைத்து அழுத்தி, மறு முனையைத் தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சுத்துத்தா" என்பார். நான் பம்பரமாகச் சுற்றிச் சுற்றி அவர் கை வரைக்கும் போய்ச் சேருவேன்.

"மூச்ச உள்ள இழு. இன்னும் இழு. கட்டலேன்னா வயிறு போட்டுரும்."

நாற்பது நாள் கட்டினால் போதும் என்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அதற்குக் கெடு எதுவும் கிடையாது. அத்தை ஐந்து பிள்ளை பெற்றவர். அறுபது வயதிலும் தட்டையான வயிறு. அதற்குக் காரணம் இந்தக் கட்டுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கோட்டையூரில் எங்கள் தெருவில் யாருக்குப் பிரசவமானாலும், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் வயிறு கட்டினார்களா என்றுதான் கேட்பார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், கட்டிக்கொண்டால் எனக்குச் சுகமாகவே இருந்தது. கட்டியிருக்கும்போது நிமிர்ந்து நடந்தேன். அவிழ்த்தால் இடுப்பை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. நான் நன்றாகக் கோப்பு எழுதுவேன் என்று யாரும் என்னை எடுக்கவில்லை. நன்றாக ஓடுவேன் என்று எடுத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், பொங்கல் கழிந்து, மதுரையில் எங்கள் துறைக்கு விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் பெண்கள் தொடர் ஓட்டம்தான் எங்கள் மானப் பிரச்சினை. நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர், கை மாற்றிக் கொடுக்க பேட்டன் என்று ஒரு குட்டைக் கோல். மூன்றாவது ஆள் நான். மூன்றாவது ஆளுக்கு நேர்கோடு கிடையாது, முழுக்க வளைவு. கடைசி ஆள், எங்கள் அணியில் மூத்தவர், கல்யாணமே வேண்டாம் என்று ஓட்டத்தைக் கட்டிக்கொண்டவர். அலுவலகம் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த ஜனவரியில் என் இடத்தில் வேறொருத்தி ஓடினாள். அணி நாலாவதாக வந்தது. மதுரையிலிருந்து திரும்பிய அக்கா நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஒரு வருசம் ஒன் எடத்த நா யாருக்கும் குடுக்க மாட்டேன். அடுத்த பொங்கலுக்குள்ள வந்துரு. வரலேன்னா அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

ஏப்ரலில் மகள் பிறந்தாள். தொண்ணூறு நாள் விடுப்பு முடிந்து ஜூலையில் நாற்காலிக்குத் திரும்பினேன். என் இடத்தில் ஓடியவள் இராமநாதபுரத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் தட்டச்சுப் பிரிவில் சிங்கம்புணரியிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தோரு வயது, வெங்காயத்தாள் மாதிரி உடம்பு, அவளும் விளையாட்டு ஒதுக்கீடு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். அதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். போட்டிக்கு ஆறு மாதம் இருந்தது. வேலை எப்படியும் போகாது, சம்பளம் எப்படியும் வரும். ஆனால் அந்த வளைவு போய்விட்டால் நான் ஓட்டக்காரி இல்லை, ஒரு காலத்தில் ஓடிய எழுத்தர்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்ததும், அக்கா என்னைக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார். நான் டிராக் பேண்ட், மேலே தொளதொளவென்று என் கணவரின் சட்டை, உள்ளே அத்தை கட்டிய கட்டு என்று போய் நின்றேன். கட்டை அவிழ்த்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று இன்றைக்கு யாரும் கேட்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டுதான் பலம் என்று நான் நம்பிவிட்டேன். இன்னும் பலமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒரு சுற்று கூடுதலாகவே கட்டச் சொல்லியிருந்தேன்.

அக்கா கையைத் தட்டினார். ஓடினேன். முப்பது மீட்டரில் மூச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. வயிறு விரிய இடமில்லாமல் மூச்சு எங்கே போகும்? ஐம்பதில் செருகிய முனை கழன்றது. சட்டைக்கு அடியிலிருந்து மாமனாரின் வேட்டி வெளியே வர ஆரம்பித்தது. எட்டு முழமும் எனக்குப் பின்னால் செம்மண்ணில் இழுபட, நான் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. எழுபதில் என் காலே அதை மிதித்தது. முழங்கையும் முழங்காலும் சிராய்த்துக்கொண்டு போய் விழுந்தேன்.

அக்கா ஓடி வந்து வேட்டியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மைதானம் மேடு பள்ளமா கெடக்கு" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

"சரி, அவுத்தாச்சுல்ல. இப்ப ஓடு, பாப்போம்" என்றார்.

கட்டில்லாமல் ஓடினேன். இந்தத் தடவை விழவில்லை. ஆனால் அக்கா சிரிக்கவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலு நல்லாத்தான் ஓடுது. கையும் ஓடுது. நடுவுல ஆளக் காணம்."

அவர் சொன்னது என்னவென்று எனக்குப் புரிந்தது. கால் முன்னே உந்தியது. அந்த உந்தல் இடுப்பில் வந்து அங்கேயே கரைந்தது. இடுப்பு இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். தோளும் சேர்ந்து ஆடியது. வளைவில் திரும்பும்போது உடம்பு உள்பக்கம் சாயாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனது. சாக்கில் பாதி நெல்லை எடுத்துவிட்டு மீதியோடு தூக்கினால் எப்படிக் குழையுமோ அப்படி. இன்றைக்கு ஊருக்கு நாலு ஜிம் இருக்கிறது, எல்லாரும் உடம்பின் நடுப்பகுதியைக் கோர், கோர் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயிறு, இடுப்பு, தொப்பை. ஓட்டக்காரிக்குக் கால் இருந்தால் போதும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம்.

வயிற்றுக்கு என்ன பயிற்சி? சிட்-அப்ஸ். வேறொன்றும் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். என் கணவர், பள்ளிக்கூட வாத்தியார், ஒரு கையால் என் பாதங்களை அழுத்திக்கொண்டு மறு கையில் செய்தித்தாள் படித்தார். நூறு எடுத்தேன். மறுநாள் நூற்றைம்பது. நாலாம் நாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. முதுகில் யாரோ உலக்கையை வைத்துக் கட்டிய மாதிரி ஒரு வலி. பக்கவாட்டில் உருண்டு, சுவரைப் பிடித்து, ஒருவழியாக நின்றேன். நடுவயிற்றில் மட்டும், எழும்போதெல்லாம், ஒரு வரப்பு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"பச்ச ஒடம்புக்காரி செய்யிற வேலையா இது? மாதாவே, இவளுக்கு நீதான் புத்தி குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை எண்ணெய் காய்ச்சித் தடவி, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார்.

அந்த வாரம்தான் மகள் குப்புற விழுந்தாள். எங்கள் பக்கம் பிள்ளை முதன்முதலில் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுக்க வேண்டும். அத்தை தேங்காய்ப் பூரணம் வைத்து ஒரு குண்டான் நிறைய அவித்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போன நேரத்தில், முதுகு வலியோடு நான் மகளுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தேன். அவள் மறுபடி மல்லாந்திருந்தாள். இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோக முயற்சி செய்துகொண்டிருந்தாள். முதுகு முழுக்கத் தரையில் ஒட்டியிருந்தது. எத்தனை நேரம்! எனக்குப் பொறாமையாக இருந்தது. நாமும் தூக்கிப் பார்ப்போம் என்று காலைத் தூக்கினேன். என் முதுகு தரையை விட்டு எழும்பியது. இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு கொழுக்கட்டையைத் தாராளமாக உருட்டிவிடலாம்.

விளையாட்டாக அவள் வயிற்றில் கையை வைத்தேன். கிலுகிலுப்பையைக் காட்டினேன். அவள் கையை நீட்டினாள். நீட்டுவதற்கு முன்னால் என் உள்ளங்கைக்குக் கீழே அவள் வயிறு இறுகியது. திரும்பக் காட்டினேன். திரும்பவும் முதலில் வயிறு, அப்புறம் கை. பத்துத் தடவை செய்து பார்த்தேன், பத்துத் தடவையும் அப்படித்தான். கை போவதற்கு முன்னால், கால் போவதற்கு முன்னால், நடுவில் இருக்கும் ஆள் எழுந்து தயாராக நிற்கிறான். அவனைப் பிடித்துக்கொண்டுதான் கையும் காலும் புறப்படுகின்றன. இன்னொரு கையை என் வயிற்றில் வைத்துக்கொண்டு காலைத் தூக்கினேன். கால் போனது. வயிறு சும்மா கிடந்தது. அதற்கு அவசியமே இருக்கவில்லை. அதன் வேலையை நாலு மாதமாக ஒரு வேட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அன்றைக்கு நான் நாலு மாதப் பிள்ளையிடம் வயிற்றுப் பாடம் கேட்க முடிவு செய்தேன். மறுநாள் காலை அத்தை வேட்டியோடு வந்து "சுத்துத்தா" என்றபோது நான் கையைத் தூக்கவில்லை.

"இனிமே வேணாம் அத்தே. நா கட்டிக்கிறதா இல்ல."

"என்னத்தா சொல்ற?"

"கட்டிக் கட்டி வயிறு சோம்பேறியாப் போச்சு. இனி அதுவே அதப் பாத்துக்கிறட்டும்."

அவர் வேட்டியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. என் கணவரிடம் மட்டும், எனக்குக் கேட்கும்படியாக, "அவுக பெரிய வீராங்கனை. நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

என் பயிற்சிக்கு ஒரே ஒரு சட்டம்: பிள்ளையை முந்தக் கூடாது. அவள் மல்லாந்து காலைத் தூக்கினால் நானும் தூக்குவேன். முதுகு தரையை விட்டு எழும்பாமல், மூச்சை அடக்காமல், ஒரு காலை மட்டும் மெல்ல இறக்கி ஏற்றுவேன். அவள் உருண்டால் நானும் உருள்வேன், கையால் உந்தாமல். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள். செப்டம்பரில் அவள் குப்புறப் படுத்துக் கை கால் நாலையும் தூக்கி விமானம் ஓட்டினாள். நானும் ஓட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். சிட்-அப்ஸை அதன் பிறகு நான் தொடவே இல்லை. முதுகு வலி எந்த நாளில் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே காரைக்குடி வரை வந்து இறங்கிய பிறகுதான், வலிக்கவில்லையே என்று நினைத்தேன்.

நவம்பரில் அவள் முட்டி போட ஆரம்பித்தாள். தவழத் தெரியவில்லை. கையையும் முட்டியையும் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடுவாள். ஆடி ஆடி முகம் சிவந்துவிடும். இருந்தாலும் ஒரு அங்குலம் நகர மாட்டாள். மூன்று வாரம் இப்படியே போனது. அவளுக்குப் பக்கத்தில் நானும் கையை ஊன்றி, முட்டியை மட்டும் தரையிலிருந்து உயர்த்திக்கொண்டு நிற்பேன். பிறகு முழங்கையை ஊன்றி, காலை நீட்டி, உடம்பை ஒரே கோடாக வைத்துக்கொண்டு. இதற்கு இன்றைக்குப் பெயர் இருக்கிறது. அன்றைக்கு இருந்த பிரச்சினை நேரம். கடிகாரத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பு தொங்கிவிடும்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. அத்தை மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியைச் சொல்வார். பின்னால் உட்கார்ந்து நானும் கணவரும் மறு பாதியைச் சொல்வோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் எனக்குக் கடைசி இடம். ஒரு நாள் எனக்குத் தோன்றியது: மாலையில் கோத்த மணி ஒன்றுக்கு ஒரு ஜெபம், பத்து மணி ஒரு பத்து, மொத்தம் ஐந்து பத்து. இதைவிட நல்ல கடிகாரம் எது? மெல்ல முழங்கையை ஊன்றினேன். முதல் நாள் மூன்று மணியில் விழுந்தேன். பதினைந்து நாளில் ஆறு மணி. வாய் ஜெபத்தை விடவில்லை; மூச்சு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. மாதாவுக்குப் பிள்ளை பெற்றவளின் கஷ்டம் தெரியும், மன்னிப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அத்தை பார்த்துவிட்டார். மகள் உருண்டுபோய் அவர் சேலையைப் பிடித்து இழுக்க, அவர் திரும்பினார். மருமகள் தரையில் பல்லி மாதிரி கிடக்கிறாள். நாலாவது மணி நடுவில் நின்றது. நான் இறங்கவில்லை, இறங்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கணவர் கண்ணை மூடிக்கொண்டு தன் பாதியை மட்டும் தனியாகச் சொல்லி முடித்தார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். மறுபடி ஆரம்பித்தார். மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் ஊறப் போட்டு எடுத்துச் சொன்னார். ஐந்தாவது மணிக்கும் ஆறாவது மணிக்கும் நடுவில் ஒரு சின்னக் கோழித் தூக்கம் போடலாம். ஏழில் நான் தொப்பென்று விழுந்தேன்.

மறுநாளும் அதே வேகம். அவருக்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம். ஒரு வாரம் இந்தப் போர் நடந்தது. எங்கள் வீட்டு ஜெபமாலை அவ்வளவு நிதானமாக, அவ்வளவு அழுத்தமாக, அதற்கு முன்னும் சொல்லப்பட்டதில்லை, பின்னும் இல்லை. எட்டாவது நாள் பத்து மணியும் முடியும் வரை நின்றேன். உடம்பெல்லாம் நடுங்கியது, வியர்வை பாயில் சொட்டியது, இடுப்பு தொங்கவில்லை. அத்தை திரும்பாமலே கேட்டார்:

"நிக்கிறியா, விழுந்துட்டியா?"

"நிக்கிறேன் அத்தே."

"சரி, எறங்கு. மத்த நாலு பத்தையாச்சும் ஒழுங்கா ஒக்காந்து சொல்லு."

இரண்டு நாள் கழித்து, நான் வேட்டியின் பாதிகளைப் பிள்ளைக்குத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிழித்த துண்டு ஒன்றை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சேலை மடிப்பைச் சற்று விலக்கிக் காட்டினார். உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பழைய துணி, இறுக்கமாக.

"கடைசிப் புள்ள பெறந்தப்ப கட்டுனது. துணிதான் மாறுது, கட்டு மாறல. அவுத்தா நிக்க முடியாம போயிருமோன்னு ஒரு பயம். கட்டச் சொன்னாக, கட்டுனேன். அவுக்கச் சொல்லி யாரும் சொல்லலையேத்தா."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. அழுதுவிட்டேன். அவர், "அட, இதுக்கு எதுக்கு அழுகுற?" என்று என்னை அதட்டினார். பிறகு மூன்று நாள் எனக்கும் மகளுக்கும் நடுவில் மல்லாந்து படுத்து, நான் சொன்னபடி வயிற்றால் மூச்சு விட்டுப் பார்த்தார். நாலாம் நாள், தரை ஜில்லென்று இருக்கிறது, எனக்கு இதெல்லாம் சரிப்படாது என்று எழுந்து போய்விட்டார். கட்டை அவிழ்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அக்கா என்னையும் தட்டச்சுப் பிரிவுப் பெண்ணையும் மைதானத்துக்குக் கூப்பிட்டார். சுண்ணாம்புத் தூளால் வளைவைக் கோடு போட்டு வைத்திருந்தார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். யாரு முந்துறீகளோ அவுகளுக்கு எடம்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்திய இரவு எனக்குச் சோறு இறங்கியிருக்கவில்லை.

புறப்பட்ட வேகத்தில் சிங்கம்புணரிப் பெண் என்னை இரண்டு எட்டு முந்தினாள். அந்தக் கால்களுக்கு நான் எந்த ஜென்மத்திலும் ஈடாக முடியாது. ஆனால் வளைவு இறுகிய இடத்தில் அவள் தோள் ஆடியது, வெளிக்கோட்டுப் பக்கம் ஒதுங்கினாள். நான் உள்ளே சாய்ந்தேன். சாய்ந்தபடியே நின்றது உடம்பு. கால் உந்தியது அப்படியே முன்னால் போனது, எங்கேயும் சிந்தவில்லை. ஒரு முழங்கை வித்தியாசத்தில் நான் முதலில் வந்தேன். அக்கா கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"எப்பிடிக்கா வளைவுல ஆடாம வாரீக?" என்று என்னிடம் மூச்சிரைக்கக் கேட்டாள் அந்தப் பெண்.

"அதுக்கு மொதல்ல ஒரு புள்ள பெக்கணும்."

"அப்ப நா நேராவே ஓடிக்கிறேங்க்கா" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அவளுக்கு அணியில் ஐந்தாவது ஆளாக, மாற்று இடம் கிடைத்தது.

ஜனவரிக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, மதுரை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. கணவருக்குச் சிறப்பு வகுப்பு. அத்தையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஓட்டப் பந்தயம் என்று ஒன்றை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வளைவு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், படிக்கட்டில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் பந்தயம் பதினொரு மணி என்றார்கள். வழக்கம் போல ஒன்றரை ஆயிற்று. பத்து மணிக்குப் பால் கொடுத்தது. அதற்குப் பிறகு எங்களை உள்ளே வரிசையில் நிறுத்திவிட்டார்கள், வெளியே விடவில்லை. மார்பு கனத்துக் கல்லாகியிருந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது. முதல் ஆள், இரண்டாவது ஆள். பேட்டன் என் வலது கையில் விழுந்தபோது நாங்கள் மூன்றாவது. அதற்குப் பிறகு ஓடியதைப் பற்றி எழுத அதிகம் ஒன்றும் இல்லை. நல்ல ஓட்டத்தில் ஒன்றும் நடக்காது. வளைவு வந்தது, சாய்ந்தேன், ஒருத்தியைத் தாண்டினேன், இன்னொருத்தியின் தோளுக்கு வந்தேன், அக்காவின் நீட்டிய கையைப் பார்த்தேன், கொடுத்தேன். அக்கா போய்விட்டார்.

பேட்டனைக் கொடுத்த பிறகும் கோட்டை விட்டு வெளியே வரக் கூடாது. மற்ற அணிகள் எல்லாம் கடந்து, அங்கே நிற்கும் அலுவலர் கொடியை இறக்கும் வரை அவரவர் கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். குறுக்கே போய் யாரையாவது இடித்தால் அணி முழுவதும் வெளியே. அந்த இடத்தில் நான் நின்றபோது மகள் அழுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டிருந்த கூட்டம்தான். ஆனால் இது அவள் என்று பாலுக்குத் தெரிந்தது. பனியன் நனைந்து, வயிறு வரை வழிந்தது. கால் தானாக ஒரு எட்டு எடுக்கப் பார்த்தது. பக்கத்துக் கோடுகளில் இன்னும் இரண்டு அணிகள் வந்துகொண்டிருந்தன. நான் நின்றேன். அசையாமல் நின்றேன். மூன்று நொடியோ நாலு நொடியோ இருக்கும். அவ்வளவு கஷ்டமான ஒன்றை என் உடம்பு அதற்கு முன்னால் செய்ததில்லை. பிரசவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொடி இறங்கியது. மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினேன். "இங்குட்டு, இங்குட்டு வா!" என்று அத்தை குடையை ஆட்டினார். படிக்கட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அத்தை குடையைச் சாய்த்து மறைத்துப் பிடித்தார். மகள் முதலில் கோபத்தில் வாயைத் திருப்பினாள், பிறகு பிடித்துக்கொண்டாள், முக்கி முக்கிக் குடித்தாள். யார் ஜெயித்தார்கள் என்று அத்தையைக் கேட்டேன். "நீலச் சட்டக்காரவுகதான் மொதல்ல வந்தாக. நா நல்லாக் கை தட்டுனேன்" என்றார். நாங்கள் நீலச் சட்டையா, எதிரணி நீலச் சட்டையா என்று அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் நீலம்.

அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். முகமெல்லாம் கண்ணீர். "எந்திரி. மேடைக்குக் கூப்புடுறாக, போட்டா எடுக்குறாக, எந்திரி!"

மகளைப் பார்த்தேன். ஒரு கையால் என் நனைந்த பனியனைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்கக்கா" என்றேன். "இவ இன்னும் முடிக்கல."

அந்தப் புகைப்படம் அலுவலகச் சுவரில் ரொம்ப நாள் மாட்டியிருந்தது. வெற்றி பெற்ற மகளிர் தொடர் ஓட்ட அணி என்று கீழே எழுதியிருக்கும். படத்தில் மூன்று பேர்தான். நாலாவது ஆள் எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்பேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.